வடிகட்டியின் மேல் நின்றது

ஜூன் 3, திங்கள்

காலையில் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து போன். பேசியவர் டாக்டர் உமையாள். வைத்தியம் பார்க்கும் டாக்டர் அல்ல, ஆராய்ச்சி செய்து பட்டம் வாங்கியவர். "இன்னாசிமுத்து சார் வீடுதானே? சார் இருக்காங்களா?" என்று கேட்டார். இறந்து இரண்டு வருடம் ஆகிறது என்றேன். "ஸாரி மேடம், ஸாரி, ஸாரி" என்றார். ஒரு முறை போதும் என்றேன்.

விஷயம் இதுதான். அங்கே நடந்த முதியோர் ரத்த ஆய்வுக்கு என் வீட்டுக்காரர் மூன்று மாதத்துக்கு ஒரு முறை போய் ரத்தம் கொடுத்துவந்தார். ஓய்வுபெற்ற போஸ்ட் மாஸ்டருக்கு வேறு வேலை இல்லை. வெறும் வயிற்றில் போனவருக்கு அங்கே கொடுக்கும் இட்லியும் பிடித்திருந்தது. கடைசியாகக் கொடுத்தது இறப்பதற்கு ஒன்பது நாள் முன்பு. ரத்தத்தைச் சுழற்றிச் சிவப்பணுக்களை நீக்கிய பின் நிற்கும் மஞ்சள் நீருக்குப் பிளாஸ்மா என்று பெயர். அது மூன்று சிறு குப்பிகளில், மைனஸ் எண்பது டிகிரியில், இன்னும் இருக்கிறதாம். சோதனைக்கு முன் பிளாஸ்மாவைத் தயார் செய்யும் முறைகளில் எது மேல் என்று ஒப்பிட்டுப் பார்க்கப் போகிறார்கள். அதற்கு இதைப் பயன்படுத்த வீட்டாரின் சம்மதம் வேண்டும்.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

மோட்டார் மறுபடியும் தண்ணீர் இழுக்கவில்லை.

அவரை முழுதாகப் புதைத்துவிட்டோம் என்றுதான் நினைத்திருந்தேன்.

ஜூன் 4, செவ்வாய்

இசக்கி காலையில் நேரத்தோடு வந்தாள். முருங்கையில் கைக்கு எட்டும் கொப்பெல்லாம் மொட்டையாகிவிட்டது. "டீச்சரம்மா, இனிமே ஏணி போட்டாத்தான் கீரை. ஒத்த ஆளு இருந்துக்கிட்டு மரத்தையே தின்னுபுட்டிய," என்றாள். வாய் அதிகம். வேலை சுத்தம் என்பதால் வைத்திருக்கிறேன்.

கீரை சூப் இந்த வீட்டில் காலை ஆறு மணிக்கு. இரண்டு கைப்பிடி கீரை, பூண்டு, மிளகு, சீரகம், இறக்கும்போது ஒரு கரண்டி நெய். வேகவைத்துக் கடைந்து, வடிகட்டியில் ஊற்றி, கரண்டியால் அழுத்தித் தேய்த்துச் சாறு முழுவதும் இறங்கிய பிறகுதான் சக்கையைக் கொட்டுவேன். பாதி வீட்டுப் பெண்கள் மேலே தெளிந்த தண்ணீரை வடித்துவிட்டுச் சூப் என்கிறார்கள். இவர் தளர்ந்துபோன அந்தக் கடைசி அக்டோபரில், இரும்புச்சத்துக்காக நானே ஆரம்பித்தது. பெரிய டம்ளர் நிறைய, ஒரு நாளும் தவறாமல், கடைசிக் காலை வரை. இப்போது நான் மட்டும் குடிக்கிறேன்.

ஜூன் 7, வெள்ளி

மாலையில் மிக்கேலம்மாள் வந்தாள், இவருடைய தங்கை. குப்பி விஷயத்தைச் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

"அப்ப அதுல பாத்தா தெரிஞ்சிரும்லா மயினி, அண்ணன் மாத்திர போட்டானா இல்லியான்னு?"

மறுபடியும் அதே பேச்சு. இவருக்கு இதயத் துடிப்பு சீரில்லை. ரத்தம் கட்டிக்கொள்ளாமல் இருக்க வார்ஃபரின் என்று ஒரு மாத்திரை, ஆறு வருடமாக. ஐந்தரை வருடம் பரிசோதனை எல்லாம் ஒழுங்காக வந்தது. அந்த ஜனவரியில் மட்டும் மாத்திரை வேலை செய்யும் அளவு அடியோடு குறைந்திருந்தது. டாக்டர் என் முன்னாலேயே, "சார் மாத்திரையை ஒழுங்கா போடுறது இல்லைம்மா. ஏமாத்துறார்," என்றார். பிப்ரவரியில் மூளையில் ரத்தக்கட்டி. இரண்டு நாளில் முடிந்தது.

"நான் என் கையால கொடுத்தேன் மிக்கேலம்மா. ராத்திரி ஒன்பது மணிக்கு, தண்ணீரோட. ஜனவரிக்கு அப்புறம் நாக்கைத் தூக்கிக் காட்டச் சொல்லிப் பார்த்திருக்கேன்."

"அதான் சொல்லுதேன். எழுவத்தஞ்சு வயசு மனுசன நாக்கக் காட்டச் சொன்னா, அவன் கன்னத்துல ஒதுக்கி வச்சிக் கொல்லயில துப்பத்தான் செய்வான். உங்க பள்ளிக்கூடத்துப் பிள்ளைய செய்யாததா?"

காபி கொடுத்து அனுப்பினேன். சர்க்கரை போடவில்லை. மறதி என்று நினைத்திருப்பாள்.

டாக்டர் சொன்னதைச் சொன்னபடி செய்தவள் நான். பசலைக்கீரையும் முட்டைகோஸும் வேண்டாம் என்றார். அன்றைக்குப் பிறகு அந்த இரண்டும் இந்த வாசலைத் தாண்டவில்லை. கான்வென்ட் விடுதியில் பத்து வருடம் இருந்தவளுக்குக் கட்டுப்பாட்டை யாரும் கற்றுத்தர வேண்டாம். என் வீட்டில் ஒரு மனிதர் தினமும் என்னை ஏமாற்றியிருக்க முடியாது.

முடியுமா?

ஜூன் 11, செவ்வாய்

ஆராய்ச்சி நிலையத்துக்குப் போனேன். கஞ்சி போட்ட சுங்குடிப் புடவை, கைக்கடிகாரம். உமையாளுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். காரைக்குடிப் பக்கம். நான் தலைமையாசிரியையாக இருந்தவள் என்று தெரிந்ததும் எழுந்து நின்றார். அது பிடித்தது.

குப்பியைப் பார்க்க வேண்டும் என்றேன். தடித்த கையுறை போட்டு, புகை கிளம்பும் பெட்டிக்குள்ளிருந்து எடுத்துக் காட்டினார். சுண்டுவிரல் நுனியளவு. உறைபனியைத் துடைத்தால் உள்ளே வெளிர் மஞ்சளாக ஒரு கட்டி. அவருடைய பெயர் இல்லை, எண் மட்டும். கையில் தரவில்லை.

"கை சூடு பட்டா உருகிடும் டீச்சர். ஒரு தடவை உருகினதைத் திரும்ப உறைய வச்சா, உள்ள இருக்கிற பொருளெல்லாம் மாறிப் போயிடும். திறந்தா அன்னிக்கே வேலையை முடிச்சுடணும்."

சம்மதம் தருகிறேன், ஒரு நிபந்தனை என்றேன். அந்த மாத்திரை அதில் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும்.

அவர் தயங்கினார். "எங்க ஆய்வு அதுக்கு இல்ல டீச்சர். ஆனா பார்க்கலாம். அது இல்லேன்னு வந்தா..."

"வந்தா, இல்லேன்னு சொல்லுங்க. நான் மார்க் போட்டவ. முட்டையைப் பார்த்து அழ மாட்டேன்."

கையெழுத்துப் போட்டேன். திரும்பும்போது தலை சுற்றியது. காலையில் சாப்பிடவில்லை என்று அப்புறம்தான் ஞாபகம் வந்தது.

ஜூன் 20, வியாழன்

மாவடு உப்பு அதிகம். போன் வரவில்லை.

ஜூன் 28, வெள்ளி

இல்லை.

ஜூன் 29, சனி

நேற்று எழுதப் பிடிக்கவில்லை. உமையாள் தாழ்ந்த குரலில் சொன்னார். முதல் குப்பியைத் திறந்திருக்கிறார்கள். அடியில் மிக நுண்ணிய சல்லடை வைத்த குழாயில் பிளாஸ்மாவை ஊற்றி வேகமாகச் சுழற்றினால் புரதம் மேலே தங்கிவிடும். சர்க்கரை, அமிலம் போன்ற சின்னப் பொருள்கள் கீழே இறங்கிவிடும். இறங்கியதைக் கருவியில் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். எத்தனையோ பொருள் தெரிந்தது. வார்ஃபரின் இல்லை.

நன்றி சொல்லி வைத்துவிட்டேன்.

நாற்பத்தாறு வருடம் ஒரே மேசையில் சாப்பிட்டவர். ராத்திரி ஒன்பது மணிக்கு என் கண்ணைப் பார்த்து விழுங்கியவர். "போதுமா பெனடிக்டா?" என்று சிரித்தபடி நாக்கைத் தூக்கிக் காட்டியவர்.

மாலை ஜெபத்தில் அவர் பெயரைச் சொல்லவில்லை.

ஜூலை 2, செவ்வாய்

கொல்லையில் அவர் நின்று பல் துலக்கும் இடத்தில் குரோட்டன்ஸ் தொட்டிகள் நான்கு. அவற்றைக் கவிழ்த்து மண்ணைச் சலிக்கச் சொன்னேன். "என்னத்தத் தேடுதோம் டீச்சரம்மா? நகையா?" என்றாள் இசக்கி. வேரில் புழு என்றேன். ஒரு சட்டைப் பொத்தான் கிடைத்தது. இரண்டு மழைக்காலம் தாண்டி மாத்திரை கரையாமல் இருக்கும் என்று நினைத்த நான்தான் முப்பத்தொரு வருடம் கணக்குச் சொல்லிக் கொடுத்தேன்.

ஜூலை 9, செவ்வாய்

மிக்கேலம்மாள் போன் செய்தாள். எடுக்கவில்லை. அவளுக்கு யாரும் சொல்லாமலே தெரிந்துவிடும்.

கூடத்திலிருந்த அவர் படத்தைத் துடைக்க எடுத்தேன். திரும்ப மாட்டவில்லை. சுவரில் அந்த இடம் மட்டும் வெளுப்பாக இருக்கிறது. அலமாரியை நகர்த்தி மறைக்கலாம் என்றால் அலமாரி கனம்.

நான் அப்படி என்ன செய்தேன் அவருக்கு? வேளைக்குச் சாப்பாடு, வெளுத்த சட்டை, மாத்திரை, மருந்து. பிடிக்கவில்லை என்றால் வாய் திறந்து சொல்லியிருக்கலாம். சொல்ல விட்டேனா என்று யாராவது கேட்பார்கள். கேட்கட்டும்.

ஜூலை 15, திங்கள்

காலையில் சூப் வடிக்கும்போது கை நின்றுவிட்டது. வடிகட்டியின் மேல் கீரை நிற்கிறது, கீழே கலங்கல் தண்ணீர். இன்னும் கரண்டியால் அழுத்தவில்லை. கீழே இறங்கியதை மட்டும் ருசி பார்த்தேன். வெந்நீரில் மிளகு. கீரை இருந்த சுவடே இல்லை.

பத்து மணி ஆனதும் போன் செய்தேன்.

"டாக்டர், ஒரு சந்தேகம். சல்லடைக்கு மேலே நின்னதே, அதைப் பார்த்தீங்களா?"

"அது புரதம் டீச்சர். எங்களுக்கு அது தேவையில்லை. கொட்டிடுவோம்."

"மாத்திரை அதோட ஒட்டிக்கிட்டு மேலேயே நின்னிருந்தா?"

பக்கத்தில் ஓடிய ஏதோ இயந்திரத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு வந்தார்.

"டீச்சர், நான் நாளைக்கு உங்க வீட்டுக்கு வரேன்."

ஜூலை 16, செவ்வாய்

வந்தார். நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். அந்த மாத்திரை ரத்தத்தில் போனதும் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு புரதத்தோடு ஒட்டிக்கொள்ளுமாம். சல்லடைக்குக் கீழே இறங்குவது மிச்சம் ஒரு பங்கு. அது கருவிக்குத் தெரியவில்லை.

"படிச்ச விஷயம்தான் டீச்சர். எங்க ஆய்வுக்கு எடுத்த குப்பியிலேயே உங்களுக்கும் பார்த்துடலாம்னு அவசரத்துல... உங்க கேள்விக்கு அந்த முறையே தப்பு. நான் 'இல்லை'ன்னு சொல்லியிருக்கக் கூடாது."

"கிடைக்கலைன்னு சொல்லியிருக்கணும்," என்றேன். "பதினெட்டு நாளா ஒரு மனுஷரைச் சந்தேகப்பட்டிருக்கேன்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். கண் கலங்கியது. காபி கொடுத்தேன். சர்க்கரை போட்டுத்தான்.

இன்னொரு முறை இருக்கிறதாம். பனியாகக் குளிர்ந்த மெத்தனாலைப் பிளாஸ்மாவில் சேர்த்தால், பால் திரிவது போலப் புரதம் திரிந்து அடியில் படியும். திரியும்போது ஒட்டியிருந்ததை விட்டுவிடும். மாத்திரை இருந்தால் மேலே தெளிந்து நிற்கும் நீருக்கு வந்துவிடும். இதற்கு ஒரு குப்பி. மிஞ்சுவது ஒன்று.

செய்யுங்கள் என்றேன்.

படத்தை மாட்டினேன். அவசரம் என்றுதான் தோன்றியது. ஆனால் வெளுத்த சுவரைப் பார்க்க முடியவில்லை.

ஜூலை 26, வெள்ளி

அன்னம்மாள் திருநாள். பூசைக்குப் போனேன். இடுப்பு வலி. போன் வரவில்லை.

ஆகஸ்டு 6, செவ்வாய்

இருக்கிறது.

நேரில் வரச் சொல்லியிருந்தார். கருவி வரைந்த கோட்டைக் காட்டினார். தரையோடு தரையாக ஓடிக்கொண்டிருந்த கோடு ஓரிடத்தில் ஊசிபோல எழுந்து நின்றது. "இதுதான் டீச்சர். தினமும் தவறாம போட்டவங்க ரத்தத்துல எவ்வளவு இருக்கணுமோ அவ்வளவு இருக்கு. சார் ஒரு நாள்கூட விடலைன்னுதான் நினைக்கிறேன்."

அந்த ஊசியை விரலால் தொட்டேன். வேறு ஒன்றும் செய்யவில்லை.

அங்கேயே நின்று மிக்கேலம்மாளுக்குப் போன் போட்டேன். "உங்க அண்ணன் துப்பலை. டாக்டர் பக்கத்தில இருக்காங்க, கேட்டுக்கோ," என்று போனை உமையாள் கையில் கொடுத்தேன். சிறுபிள்ளைத்தனம்தான். செய்தேன்.

எழுந்து கிளம்பும்போது உமையாள் கேட்டார்.

"ஒண்ணு மட்டும் புரியலை டீச்சர். இவ்வளவு மாத்திரை இருந்தும் ரத்தம் ஏன் கட்டணும்? கடைசி மாசங்கள்ல சாப்பாட்டுல ஏதும் மாத்தினீங்களா? கீரை மாதிரி?"

"பசலையும் கோஸும் டாக்டர் வேண்டாம்னார். அந்த ஆறு வருஷமும் வாங்கலை."

"அது ரெண்டும் ஒரு உதாரணத்துக்குச் சொல்றது டீச்சர். எல்லாக் கீரையிலயும் வைட்டமின் கே இருக்கு. முருங்கைக்கீரையில ரொம்ப அதிகம். எப்பவாவது சாப்பிட்டா பரவாயில்லை. திடீர்னு தினமும் நிறைய எடுத்தா மாத்திரையோட வேலையை அது கெடுத்துடும். அப்படி ஏதாவது?"

"இல்லை," என்றேன். "வாரத்துல ஒரு நாள் அரைக்கீரை. எல்லார் வீட்டையும் போல."

"கடைசிக் குப்பியில அதைப் பார்க்கலாம். கொழுப்புல கரையற சத்தைத் தனியா பிரிச்செடுக்கிற முறை இருக்கு. வேணும்னா..."

வேண்டாம் என்றேன். போதும், அதைத் திறக்க வேண்டாம்.

பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. எங்கள் நிறுத்தமான சமாதானபுரத்தைத் தாண்டி இரண்டு நிறுத்தம் தள்ளி இறங்கியிருக்கிறேன். நடந்து வந்தேன்.

ஆகஸ்டு 7, புதன்

சூப் வைக்கவில்லை. இசக்கி கீரை ஆய்ந்து வைத்திருந்தாள். வயிறு சரியில்லை, வீட்டுக்கு எடுத்துப் போ என்றேன்.

ஆகஸ்டு 9, வெள்ளி

டாக்டர் சொன்னது இரண்டு பெயர். மூன்றாவது பெயரை அவர் சொல்லவில்லை. சொல்லாத ஒன்றை யாரும் செய்யாமல் இருக்க முடியாது. இது கணக்கு.

ஆகஸ்டு 15, வியாழன்

மாதா விண்ணேற்புத் திருநாள். பூசை முடிந்து மிக்கேலம்மாள் என்னோடு வீட்டுக்கு வந்தாள். அதிரசம் கொண்டுவந்திருந்தாள். வந்ததும் அவர் படத்தின் முன் நின்று மூக்கைச் சிந்தினாள்.

"மன்னிச்சிருங்க மயினி. ரெண்டு வருசமா உங்க மனச நோகடிச்சிட்டேன். அவன் ஒண்ணையும் துப்பல."

"சரி, உட்காரு."

"அவன் துப்ப மாட்டான்னு எனக்குத் தெரிஞ்சிருக்கணும் மயினி. அந்தக் கீர சூப்பையே துப்பாதவன்லா." சிரித்தாள். "உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருந்தான். 'ஏட்டி மிக்கேலு, காலங்காத்தால ஒரு பெரிய டம்ளர், பச்சப் பசேல்னு. கொமட்டிக்கிட்டு வருது. ஆனா கடைசிச் சொட்டு வரைக்கும் குடிச்சிட்டுக் கவுத்திக் காட்டுவேன்ட்டி. அந்த ஒரு நிமிசந்தான் அவ மூஞ்சி சந்தோசமா இருக்கும்'னு சொல்லுவான். பொறவு எங்க வீட்டுக்கு வந்து ஒரு வெல்லக்கட்டிய வாயில போட்டுக்கிடுவான்."

அதிரசம் எண்ணெய் குடித்திருக்கிறது என்றேன்.

"உங்களுக்கு அதுலயும் ஒரு குத்தம்!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே எழுந்தாள். "மயினி, போறப்போ கொஞ்சம் கீர ஒடிச்சிக்கிடட்டா? உங்க மரத்துக் கீர மாதிரி வராது."

ஒடித்துக்கொள் என்றேன்.

ஆகஸ்டு 24, சனி

ஆள் வைத்து முருங்கையை வெட்டிவிட்டேன். இசக்கி வாயிலும் வயிற்றிலும் அடித்துக்கொண்டாள். "காய்க்கிற மரத்த யாராவது வெட்டுவாகளா டீச்சரம்மா? இப்பத்தான ஏணி வாங்குனிய?"

கம்பளிப்பூச்சி என்றேன்.

"மழ பேஞ்சாத்தான பூச்சி ஏறும். இப்ப ஏது பூச்சி?"

முருங்கை மரத்தில் வலுவே இல்லை. நாலு வெட்டில் சாய்ந்துவிட்டது. தெருவில் போகிறவர்களெல்லாம் கொப்பை இழுத்துப் போனார்கள். கொல்லை முழுக்க வெயில்.

செப்டம்பர் 3, செவ்வாய்

மோட்டார் சரியாகிவிட்டது. வாஷர்தான் போயிருந்தது.

செப்டம்பர் 8, ஞாயிறு

ஆறு மணிக்கு எழுந்து அடுப்பில் தண்ணீர் வைத்திருக்கிறேன். கொதிக்கும் சத்தம் கேட்டுத்தான் தெரிந்தது. அணைத்தேன். அவருடைய பெரிய டம்ளர் கழுவித் துடைத்துப் பக்கத்தில் இருந்தது. நான்தான் எடுத்து வைத்திருக்க வேண்டும்.

செப்டம்பர் 19, வியாழன்

ராத்திரி மழை. காலையில் கொல்லைக்குப் போனால் வெட்டிய அடிமரத்தைச் சுற்றித் துளிர். நகத்தளவு இலை, நல்ல பச்சை. இசக்கி வருவதற்கு முன் எல்லாவற்றையும் கிள்ளிப் போட்டேன். கை கழுவிய பிறகும் வாடை போகவில்லை.

பத்து மணிக்கு உமையாளுக்குப் போன் செய்தேன். நேற்று ராத்திரி இங்கே மூன்று மணி நேரம் கரண்ட் இல்லை, அங்கே எப்படி என்று கேட்டேன்.

"இங்கயும் போச்சு டீச்சர். ஜெனரேட்டர் இருக்கு. சாரோட குப்பி பத்திரமா இருக்கு. உருகாது."

"நல்லது."

"திறந்து பார்க்கணுமா டீச்சர்?"

"வேண்டாம்."

"அப்போ... கணக்கு முடிச்சு அப்புறப்படுத்திடலாமா?"

"வேண்டாம்," என்றேன். "இருக்கட்டும்."

நாளைக்கும் மழை என்கிறார்கள். விடிந்ததும் கொல்லைக்குப் போய்ப் பார்க்க வேண்டும்.